நான்காம் பொட்டலம்

இது இப்படித்தான் முடியும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். விதைப் பொட்டலங்களை மெக்னெஸுக்குக் கொடுத்தனுப்பிய காலையில், டாக்ஸி ஓட்டும் அய்யாஷியிடம், "எழுதி வச்சுக்கடா, இந்த ஏழுல ஒண்ணு என்னை மாட்டிவிடப் போவுது" என்றேன். அப்படி எதுவும் நான் சொல்லவில்லை என்கிறான் அவன். அவனுக்கு மலைப்பாதை வளைவுகளைத் தவிர வேறெதுவும் நினைவில் நிற்காது.

நான் முஃபத்தல். ரீஃப் மலையில், பாப் பெர்ரெத்துக்கு மேலே இருக்கும் தாஸிர்த் ஊர்க்காரன். நாலு வருடம் பள்ளிக்கூடம் போனேன்; அதற்குமேல் எனக்குச் சொல்லித்தர வாத்தியாரிடம் சரக்கு இல்லை. என் அக்கா யம்னாவின் மகள் சுமையா, மெக்னெஸ் விதை ஆய்வு நிலையத்தில் அதிகாரி. கஞ்சா பயிரிட அரசாங்கமே உரிமம் கொடுக்க ஆரம்பித்ததும் எங்கள் ஊரில் முப்பத்தொரு குடும்பம் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் வைத்தோம். நான் கலந்து உருவாக்கிய விதையைச் சங்கத்தின் பெயரில் பதிவு செய்ய முடிவானது. விதை விஷயம் எதுவானாலும் தாளில் எழுத வேண்டும், போனில் பேசினால் கோப்பில் சேராது என்று சுமையா சொல்லிவிட்டாள். அதனால்தான் கடிதம்.

இப்போது ஊரில் ஆளுக்கொரு கதை கட்டுகிறார்கள். ஆகையால் எல்லாக் கடிதத்தையும் வரிசையாக இங்கே வைக்கிறேன். என்னுடையவற்றுக்குப் படி எடுத்து வைத்திருக்கிறேன். பெரிய மனிதர்கள் அப்படித்தான் செய்வார்கள்.

தாஸிர்த்
பிப்ரவரி 4, 2024

அன்பு மருமகள் சுமையாவுக்கு,

ஸலாம். நாங்கள் நலம், அல்ஹம்துலில்லாஹ். உன் அம்மாவின் முழங்கால் மட்டும் பனிக்காலம் முழுக்கப் புலம்பிக்கொண்டிருக்கிறது. உனக்குச் சளி விட்டதா?

அய்யாஷி கையில் ஏழு பொட்டலம் வருகிறது. ஒவ்வொரு வருட அறுவடையிலிருந்தும் ஒன்று; மேலே நம்பர் போட்டிருக்கிறேன். தாய் நம் மலையின் பெல்தியா. குட்டை, சிக்கனக்காரி, மழை பெய்தால் பெய்யட்டும் என்று இருப்பாள். தகப்பன் ஹாலந்திலிருந்து வந்த விதை. தினமும் தண்ணீர் கேட்கும் சோம்பேறி, ஆனால் மருந்துக்காரர்கள் தேடும் எண்ணெய் அவனிடம்தான் இருக்கிறது. இருவருக்கும் கல்யாணம் செய்து வைத்தவன் நான். பிறகு வருடா வருடம் நல்ல பெண் செடியையும் நல்ல ஆண் செடியையும் மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பிடுங்கி எறிந்தேன். இந்த ஏழாம் தலைமுறையில் வயல் முழுக்க ஒரே முகம். தளபதி வந்தால் சல்யூட் அடித்துவிட்டுத்தான் போவார்.

பெயர் 'முஃபத்தலிய்யா' என்று வைத்திருக்கிறேன். மறுப்பு இருக்காது என்று நினைக்கிறேன்.

துஆவுடன்,
மாமா முஃபத்தல்

மெக்னெஸ்
பிப்ரவரி 21, 2024

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

ஸலாம். சளி போய்விட்டது. அம்மாவை ஆலிவ் எண்ணெய் சூடாக்கித் தடவச் சொல்லுங்கள். மாடிப்படி ஏற வேண்டாம் என்றும் சொல்லுங்கள், கேட்கமாட்டாள்.

ஏழு பொட்டலமும் கிடைத்தன. ஏழாவதை ஆய்வு வயலில் விதைப்பேன். மற்ற ஆறும் குளிர் அறையில் இருக்கும். ஆட்களின் பெயரை விதைக்கு வைக்க விதி இடம் கொடுக்காது. வேறு பெயர் யோசியுங்கள்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். டான்ஜியரில் இருக்கும் மருந்து நிறுவனம், பதிவான, இனம் நிலைத்த விதையாக இருந்தால்தான் சங்கத்தோடு ஒப்பந்தம் போடும். இனம் நிலைத்தது என்றால், அம்மா எப்படியோ மகளும் அப்படி, பேத்தியும் அப்படி. அதைச் சான்றளித்துக் கையெழுத்துப் போடுவது நான். தவறாகப் போட்டால் வேலை போகும். சொந்த ஊர் விதை என்பதால் என்னை இரண்டு மடங்கு உற்றுப் பார்ப்பார்கள். எனவே ஆண்டுவாரியாக நடந்ததை எழுதி அனுப்புங்கள். சட்டம் மாறுவதற்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றிக் கவலை வேண்டாம். விதைத்ததற்கு யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. வம்சம் மட்டும் சரியாக இருக்க வேண்டும்.

உங்கள் நலம் நாடும்,
சுமையா

தாஸிர்த்
மார்ச் 18, 2024

அன்பு மருமகளுக்கு,

ஸலாம். நோன்பு நல்லபடியாகப் போகிறதா? இங்கே இஃப்தாருக்குத் தினமும் பைஸாரா. உன் அம்மா அந்த அவரைப் பருப்புக் கஞ்சியில் சீரகத்தை மறந்துவிட்டு என்னைக் குறை சொல்கிறாள்.

கேட்ட விவரம் இதோ. 2017: கல்யாணம், பெல்தியா தாயில் எடுத்த விதை முதல் பொட்டலம். 2018: அதை விதைத்தேன். எல்லாம் ஒருவயிற்றுப் பிள்ளைகள், ஒரே சாயல். 2019: அவற்றின் பிள்ளைகள் கலைந்துபோய் வந்தன. ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்றுக்குத் தண்டு ஊதா. நூற்றுக்கு எண்பது பிடுங்கினேன். 2020: இருநூற்றுப் பன்னிரண்டு செடி. அத்தனையும் என் மார்பளவு. நூல் பிடித்துப் பார்த்தேன், ஒரு விரற்கடை ஏற்றத்தாழ்வு இல்லை. சங்கத் தலைவர் புஷ்தா அப்போது வெறும் பக்கத்து வயல்காரன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "என்னடா முஃபத்தல், செடிக்கெல்லாம் யூனிஃபார்ம் தச்சுப் போட்டியா?" என்றான். "உனக்கும் தச்சுத் தரவா? உன் வயல்ல ஒவ்வொண்ணும் கோவிச்சுக்கிட்டு வந்த மாமியார் மாதிரி நிக்குது" என்றேன். 2021, 2022, 2023: அதே சிறப்பு, மேலும் சிறப்பு.

பெயருக்கு 'மாமா' என்று வைக்கலாமா? அது ஆள் பெயர் இல்லையே.

அன்பும் ஆசியும்,
மாமா முஃபத்தல்

மெக்னெஸ்
ஜூலை 3, 2024

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

ஸலாம். பெருநாளுக்கு வர முடியவில்லை. வயலை விட்டு நகர முடியாத நேரம். அம்மா அனுப்பிய ஆட்டுப் பாலாடைக்கட்டி வந்தது; அலுவலகத்தில் பங்கு கேட்டுச் சண்டை போட்டார்கள்.

நூறு விதை போட்டேன், தொண்ணூற்றாறு முளைத்தன. அறுபத்தொன்று ஒரே சாயல். மீதி முப்பத்தைந்தும் அவரவர் விருப்பத்துக்கு நிற்கின்றன. சில என் தலைக்கு மேலே, சில முட்டிக்குக் கீழே. பதினொன்றுக்கு ஊதாத் தண்டு. சில இப்போதே பூத்துவிட்டன, சில பூப்பதாகவே தெரியவில்லை. ஏழாம் தலைமுறையில் இரண்டு மூன்று பிசகினால் விதி பொறுத்துக்கொள்ளும். முப்பத்தைந்தைப் பொறுக்காது.

என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கு ஏதாவது தோன்றுகிறதா?

சுமையா

தாஸிர்த்
ஜூலை 15, 2024

அன்பு மருமகளுக்கு,

ஸலாம். வெயில் அதிகம், குடை எடுத்துப் போ. நாங்கள் நலம்.

தோன்றுவது என்ன, தெரிந்தே இருந்தது. புஷ்தாவின் ஆண் செடிகள்! மேட்டு வயலில் அவற்றைப் பிடுங்காமல் விட்டிருக்கிறான். மகரந்தம் காற்றில் இறங்கி என் பெண் செடிகளைக் கெடுத்துவிட்டது. நேரில் போய்க் கேட்டேன்.

"உன் ஆம்பிளைங்கள ஏன்டா அவுத்து விட்ட?"

"காத்துக்கு நான் கடிவாளம் போடவா? முதல்ல நீ உன் பொம்பிளைங்களுக்கு முக்காடு போடு."

"சங்கத் தலைவர் பேசுற பேச்சா இது?"

"சங்கம் நாளைக்கு இருக்குமான்னு பாரு. முப்பத்தொரு வீடும் உன் விதைய நம்பி வேற விதை வாங்காம உக்காந்திருக்கு."

அவன் குரல் கொஞ்சம் மாறித்தான் இருந்தது. அது போகட்டும். மெக்னெஸ் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் என்று கேள்வி, அதையும் விசாரி. மலைப் பிள்ளைகளைச் சமவெளியில் விட்டால் கெட்டுப்போகத்தான் செய்யும். (உன்னைச் சொல்லவில்லை.)

மாமா முஃபத்தல்

மெக்னெஸ்
ஆகஸ்ட் 12, 2024

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

ஸலாம். நான் நலம். அம்மாவிடம் நேற்று பேசினேன், அத்திப்பழம் காய வைப்பதாகச் சொன்னாள்.

புஷ்தாவிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். அவர் வயல் மகரந்தம் கலந்திருந்தால் மூன்றாவது ரத்தம் ஒன்று தெரிய வேண்டும். தொண்ணூற்றாறு செடியிலும் உங்கள் பெல்தியாவையும் ஹாலந்து விதையையும் தவிர வேறு யாரும் இல்லை. தண்ணீரில் குற்றமில்லை.

அதனால் குளிர் அறைப் பொட்டலங்களையும் பிரித்துச் சோதித்தேன். முதல் தலைமுறை விதையில் மட்டும்தான், ஒன்று தவறாமல், தாய் பாதி தகப்பன் பாதி என்று சரிபாதியாக இருக்கும். பிறகு ஒவ்வொரு தலைமுறையும் கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டு மாதிரி. முதல் பொட்டலம் சரிபாதி. இரண்டும் மூன்றும் கலைந்திருக்கின்றன. அதுவும் சரி. நான்காவது மறுபடி சரிபாதி. மாமா, நான்காம் பொட்டலத்தில் இருப்பது முதல் வருட விதை. ஐந்தாவது இரண்டாவதைப் போலவே கலைந்திருக்கிறது. கணக்கு மூன்றோடு நின்று, நான்காவதில் திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கிறது. நீங்கள் ஏழாவது என்று அனுப்பியது உண்மையில் நான்காவது.

இன்னொன்று. எல்லா ஆண்டுக்கும் பொதுவாகவே எழுதிய நீங்கள், 2020க்கு மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு என்று எண்ணிச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஆண்டு ஊரடங்கில் வழி அடைபட்டு, நீங்கள் ஸ்பெயினில் பசுங்குடிலில் தக்காளி பறித்துக்கொண்டிருந்ததாக அம்மா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்படியானால் நூல் பிடித்தது யார்?

சுமையா

தாஸிர்த்
ஆகஸ்ட் 24, 2024

அன்பு மருமகளுக்கு,

ஸலாம். இந்த வருடம் அத்தி மூன்று மரமும் உடைந்து விழுகிற மாதிரி காய்த்திருக்கிறது. ஒரு கூடை அய்யாஷி கொண்டுவருவான். வழியில் அவன் தின்றது போக மீதி உனக்கு. காற்று நல்ல காற்று. கீழத்தெருக் கழுதை குட்டி போட்டது.

2020இல் விதைத்தது உன் அம்மா. நான் ஸ்பெயினிலிருந்து போனில் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். மார்பளவு என்றது அவள் மார்பளவு. பொட்டலம் கட்டும்போது அவள் ஜாடி மாற்றி எடுத்திருக்கலாம். பெண்கள்தானே.

மாமா

மெக்னெஸ்
செப்டம்பர் 10, 2024

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

ஸலாம். அத்தி கிடைத்தது. அரைக்கூடை.

அம்மாவைப் போனில் கூப்பிட்டேன்.

"அம்மா, 2020ல மாமா வயல்ல நீயா விதைச்ச?"

"யாரு, நானா? இந்த முழங்காலை வச்சுக்கிட்டா?"

"அப்ப மாமா ஸ்பெயின்லதானே இருந்தாரு?"

"அடுப்புல பால் பொங்குது, வைக்கிறேன்."

அம்மாவுக்குப் பால் சேராது. அந்த வீட்டில் பால் வாங்கி ஆறு வருடம் ஆகிறது.

அக்டோபர் 15 அன்று குழு கூடுகிறது. அதற்குள் கோப்பில் என் கையெழுத்து இருக்க வேண்டும். ஏழு என்று எழுதினால் நான் பொய் சொல்கிறேன். நான்கு என்று எழுதினால், நடுவில் ஓர் ஆண்டு ஏன் காணவில்லை என்று கேட்பார்கள். எனக்கே தெரியாத ஒன்றுக்கு எப்படிப் பதில் சொல்வது? கோப்பில் எல்லாக் கடிதமும் சேர்கிறது என்பதால் நீங்கள் எழுதத் தயங்குகிறீர்கள் என்று நினைக்கிறேன். விதைக்கு ஒரு தாள், வீட்டுக்கு ஒரு தாள் என்று தனித்தனியாக எழுதுங்கள். வீட்டுத் தாளை நான் கோப்பில் வைக்கமாட்டேன்.

உங்களுக்கும் அம்மாவுக்கும் உடல்நலம் வேண்டி,
சுமையா

தாஸிர்த்
செப்டம்பர் 27, 2024
(வீட்டுத் தாள்)

சுமையாவுக்கு,

ஸலாம். நலம். நீயும் நலமாக இரு.

நான் ஸ்பெயினில் இல்லை. ஸ்பெயினை நான் பார்த்ததே தெத்துவான் கடற்கரையிலிருந்துதான்; அதுவும் மேகமா ஸ்பெயினா என்று உறுதியில்லை. 2020 ஏப்ரலில், ஊரடங்கு நடக்கும்போது, உப்பு வாங்க பாப் பெர்ரெத் இறங்கினேன். அனுமதிச் சீட்டு எடுத்துப் போகவில்லை. ஜெந்தார்ம் போலீஸ்காரன் அடையாள அட்டையைக் கேட்டான். பழைய கஞ்சா வழக்கில் பதினோரு வருடமாக என் பேரில் பிடியாணை இருந்தது. அது வெளியே வந்தது. எட்டு மாதம் உள்ளே இருந்தேன். நம் மலையில் பாதி ஆண்களுக்கு அப்படி ஒரு தாள் இருக்கிறது, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

நீ அந்த வருடம்தான் இந்த வேலைக்கு எழுதியிருந்தாய். குடும்பத்தில் யாராவது தண்டனை அனுபவித்தவர் உண்டா என்று விண்ணப்பத்தில் ஒரு கேள்வி இருந்ததாம். நீ அம்மாவிடம் போனில் படித்துக் காட்டினாயாம். அவள் "இல்லன்னு போடு" என்று சொல்லிவிட்டு, மறுநாள் நான் சிறையிலிருந்து போன் போட்டபோது அழுதாள். "நல்லா செஞ்ச. நான் ஸ்பெயின்ல இருக்கேன்னு சொல்லிடு" என்றேன். தெரியாமல் எழுதினால் உனக்குப் பொய் ஆகாது. தெரிந்திருந்தால் உன் கை அப்படி எழுதியிருக்காது. உன் கையை எனக்குத் தெரியும்.

மூன்றாம் வருட விதையை, சோதனைக்கு வந்தால் சிக்கக்கூடாது என்று கோழித்தீவனத் தகரத்தில் கலந்து வைத்திருந்தேன். உன் அம்மாவிடம் சொல்ல மறந்தேன். எட்டு மாதத்தில் கோழிகள் அத்தனையையும் தின்று முடித்தன. நன்றாக முட்டையிட்டனவாம். திரும்பி வந்தபோது மிச்சம் இருந்தது முதல் வருட விதை மட்டும். அது சீரக ஜாடிகளோடு அலமாரியில் எல்லோர் கண்ணிலும் பட உட்கார்ந்திருந்தது. அதையே விதைத்தேன். இரண்டாம், மூன்றாம் வருட விதையில் ஒவ்வொரு பிடி, போன வருடம் மெத்தை உறைக்குள் கிடைத்தது. உனக்கு அனுப்பியது அதுதான். நான்காவதுக்கு ஒன்றும் இல்லை. ஜாடியிலிருந்து அள்ளிக் கட்டினேன். இருநூற்றுப் பன்னிரண்டு என்பது சிறையில் என் அறைக் கதவில் இருந்த எண்.

படித்துவிட்டு அடுப்பில் போடு. கோப்பில் எதை எழுதுவது என்று நீயே முடிவு செய். சங்கத்துக்காரர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

மாமா

மெக்னெஸ்
அக்டோபர் 9, 2024

பாசத்துக்குரிய மாமாவுக்கு,

ஸலாம். நான் நலம், நீங்கள் நலமா, அம்மா நலமா, கோழிகள் நலமா?

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதேன், பிறகு சிரித்தேன். எனக்காகத்தான் செய்தீர்கள் என்று புரிந்தது. உங்கள் மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. விதையைப் பற்றி உங்கள் அளவுக்குத் தெரிந்தவர் இந்த நிலையத்தில் ஒருவரும் இல்லை. மேலதிகாரியே அப்படித்தான் சொன்னார். பனி விழுவதற்குள் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வருகிறேன். மறுபடி முதலிலிருந்து சேர்ந்து செய்வோம். பைஸாரா செய்து வைக்கச் சொல்லுங்கள், சீரகம் போட்டு.

என்றும் உங்கள் மருமகள்,
சுமையா

கடிதங்கள் இத்துடன் முடிந்தன. பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

குழு கூடியது. எங்கள் விதை நான்காம் தலைமுறை, இன்னும் நிலைக்கவில்லை, மூன்று பருவம் கழித்துக் கொண்டு வாருங்கள் என்று திருப்பிவிட்டார்கள். மருந்து நிறுவனம் அத்தனை நாள் காத்திருக்காது. இந்த வருடம் முப்பத்தொரு வீடும் பெல்தியாவையே விதைக்கிறது. புஷ்தா என்னோடு பேசுவதில்லை, ஆனால் வேலியோரம் நின்று எனக்குக் கேட்கிற மாதிரி தன் கழுதையோடு பேசுகிறான்.

நவம்பர் முதல் வாரம் சங்கத்துக்குத் தபாலில் கோப்பின் நகல் வந்தது. அரபி படிக்கத் தெரிந்த எல்லோரும் படித்தார்கள். தெரியாதவர்களுக்கு அய்யாஷி படித்துக் காட்டினான். ஆண்டுவாரிப் பட்டியலில் 2020க்கு நேரே சுமையாவின் கையெழுத்தில் இருந்தது: "விதைப்பு இல்லை. காரணம்: விதைப்பவர் சிறையில் இருந்தார். சான்றளிப்பவருக்கு உறவு: என் தாய்மாமன். பணியில் சேரும்போது இது எனக்குத் தெரியாது." கீழே முழுப்பெயர், நிலையத்தின் முத்திரை.

கோப்போடு வேறு தாள் எதுவும் இல்லை. உறையைக் கிழித்து, உட்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

யம்னா வாரா வாரம் மகளுக்குப் போன் செய்கிறாள். "வேலைக்குப் போயிட்டுத்தான் இருக்கா. மேலிடத்துல கூப்பிட்டு ஏதோ கேட்டாங்களாம், பதில் சொல்லிட்டாளாம்" என்றாள்.

"என்னைப் பத்தி?"

"ஒண்ணும் கேக்கல."

"திட்டவாவது செஞ்சாளா?"

"இல்லடா, தம்பி."

அக்டோபர் 9 தேதியிட்ட கடிதத்தை எழுதியது நான். வீட்டுத் தாளுக்கு அவளிடமிருந்து இன்றுவரை பதில் வரவில்லை.